ஆஸ்பத்திரித் தட்டு

போன மாதம் பேராதனையிலிருந்து சந்திமா ஃபோன் செய்தாள். முப்பத்தெட்டு வருடம் நான் வேலை பார்த்த ஆய்வுகூடத்தில், நான் இருந்த இடத்தில் இப்போது இருப்பவள் அவள். சிங்களப் பிள்ளை. தமிழ் நன்றாகவே பேசுவாள். என்னை மட்டும் அவர்கள் வழக்கப்படி 'அய்யே' என்பாள், அண்ணன் என்று அர்த்தம்.

"அய்யே, புது கெமரா வந்திருக்கு, வந்து பாருங்க. ஆண்டு மலருக்கு ரெண்டு பக்கம் எழுதியும் தரணும். பழைய காலத்துல எப்படி எண்ணினீங்கன்னு."

நான் ஓய்வுபெற்று நாலு வருடம்தான் ஆகிறது. அதற்குள் பழைய காலமாகிவிட்டேன். கொஞ்சம் கோபம் வந்தது. ஆனாலும் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, வத்தேகமையில் ஒரு பஸ், கண்டியில் இன்னொரு பஸ் என்று ஏறிப் போய்ச் சேர்ந்தேன். கூப்பிட்டால் போகாமல் இருக்க என்னால் முடியாது.

கெமராவைப் பார்த்தேன். கண்ணாடித் தட்டில் வண்டுகளை விட்டு அதன் கீழே வைத்துவிட்டால், மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அசைகிற வண்டின் மேல் திரையில் பச்சைப் புள்ளி, அசையாததன் மேல் சிவப்புப் புள்ளி. கடைசியில் தானே கூட்டி எண்ணிக்கையைப் போடுகிறது. பிழை விடுவதில்லையாம், களைப்பதும் இல்லையாம். நல்லதுதான். அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் காலையில் யாரும் அதனிடம் வந்து "எத்தினை?" என்று கேட்பதில்லை. அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் நான் எழுத முடியும். இரண்டு பக்கத்தில் அடங்குமா தெரியவில்லை.

எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மருந்துச் செடிகளின் சாற்றுக்குப் பூச்சிகளைக் கொல்லும் சக்தி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. நொச்சி, வசம்பு, வேம்பு, சீத்தாப்பழ விதை என்று எத்தனையோ. இலையை நிழலில் காயவைத்து, தூளாக்கி, அசிட்டோனில் ஊறவைத்து, வடிகட்டி, சுண்டவைத்தால் கறுப்பாகத் தார் மாதிரி ஒரு சாறு மிஞ்சும். அதை அளவாகக் கரைத்து வட்டமான வடிதாளில் விட்டு, தாள் காய்ந்ததும் தட்டில் வைத்து, இருபது வண்டுகளை உள்ளே விடுவோம். அடுத்த நாள் எத்தனை செத்தது என்று எண்ணுவோம். வண்டு என்றால் வேறொன்றுமில்லை, எல்லார் வீட்டு அரிசியிலும் இருக்கிற, மூக்கு நீண்ட அந்த அரிசி வண்டுதான். அவற்றை வளர்ப்பது, வயது பிரிப்பது, எண்ணுவது எல்லாம் என் பொறுப்பு.

என் மனைவி பாக்கியம் கலியாணமான புதிதில் இதைக் கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள். "ஊருல எல்லாரும் அரிசில இருந்து வண்ட பொறுக்குவாங்க. நீங்க ஒருத்தர்தான் நல்ல அரிசியக் குடுத்து வண்ட வளக்குறீங்க" என்றாள். மாமனாரிடம் நான் அரசாங்க உத்தியோகம் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

இருபத்திரண்டு வயதில் சேர்ந்தேன். அப்பா வத்தேகமையில் ஒரு துணிக்கடையில் நின்றார். எனக்குத் துணி கிழிக்க வராது என்பதால் யாரோ ஒருவர் தயவில் இங்கே உதவியாளர் வேலை கிடைத்தது. முதல் மூன்று வருடமும் போத்தல் கழுவினேன், அரிசி சலித்தேன், திட்டு வாங்கினேன். அவ்வளவுதான் என் பயிற்சி.

திட்டியவர் எங்கள் மேடம். யாழ்ப்பாணத்துக்காரர். சுகிர்தா என்று பெயர், யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. ஒல்லியான உருவம். பருத்திச் சேலை. கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து ஒரு பக்கத்துக் கண்ணாடி கீறல் விழுந்திருக்கும். குரலை உயர்த்த மாட்டார். அவர் திட்டுவது என்றால் ஒரு வேலையைத் திரும்பச் செய்யச் சொல்வதுதான். வண்டு விடக் கற்ற முதல் மாதம் நான் அவசரப்பட்டு, தாள் சரியாகக் காய்வதற்குள் வண்டுகளை விட்டுவிட்டேன். மறுநாள் எல்லாத் தட்டிலும் எல்லாம் செத்துக் கிடந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மேடம் மருந்தே போடாத தட்டைத் திறந்து தாளை என் மூக்குக்கு நேரே நீட்டினார். அசிட்டோன் வாடை அடித்தது.

"நொச்சி கொல்லேல்லை மாணிக்கம். நீங்கள்தான் கொன்றிருக்கிறீங்கள்" என்றார்.

மருந்து போடாத அந்தத் தட்டுக்கு நாங்கள் சொல்வது கொன்ட்ரோல். மேடத்தின் முதல் சட்டம், கொன்ட்ரோலை முதலில் எண்ண வேண்டும் என்பது. மருந்துத் தட்டை முதலில் பார்த்துவிட்டால் மனதில் ஆசை வந்துவிடும், ஆசை வந்த கண்ணால் எண்ணக் கூடாது என்பார். இரண்டாவது சட்டம், தட்டின் மூடியில் எதுவும் எழுதக் கூடாது, அடியில்தான் எழுத வேண்டும். மூடிகள் ஒன்றுக்கொன்று மாறிப் போகும், அடி மாறாது. மூன்றாவது, எண்ணிக்கைக் கொப்பியில் அழிப்பது கிடையாது. பிழைத்தால் ஒரே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும்.

நாலாவதுதான் ஆஸ்பத்திரித் தட்டு. இது வேறெந்த ஆய்வுகூடத்திலும் இந்தப் பெயரில் இருந்திருக்காது, ஏனென்றால் பெயர் வைத்தவன் நான். அரிசி வண்டு பெரிய நடிகன். தொட்டால் காலை மடக்கி, மூக்கை உள்ளே இழுத்து, செத்ததுபோல உருண்டு கிடக்கும். கை எடுத்து ஐந்து நிமிடம் கழித்துத்தான் எழும்பி நடக்கும். ஆரம்பத்தில் நான் அவற்றையும் செத்த கணக்கில் சேர்த்துவிடுவேன். "அது செத்ததெண்டு ஆர் சொன்னது? பொறுங்கோ" என்று மேடம் கதிரையை இழுத்துப் போட்டு, என்னையும் உட்கார வைத்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். இரண்டு பேரும் வண்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்போம். வெளியே ரயில் போகும் சத்தம் கேட்கும். அது எழும்பி நடந்தால் மேடம் சின்னதாகச் சிரிப்பார்.

நடிப்பு ஒரு வகை. மயக்கம் இன்னொரு வகை. சில சாறு வண்டைக் கொல்லாது, இரண்டு மூன்று நாள் மயக்கிப் போட்டுவிடும். அதனால் செத்தது என்று எண்ணிய வண்டுகளைக் கொட்டிவிட மாட்டோம். மருந்தில்லாத ஒரு பெரிய தட்டில், கொஞ்சம் அரிசியோடு போட்டு, மூடிவைத்து, மூன்று நாள் கழித்துப் பார்ப்போம். எழும்பாததுதான் செத்தது. நான் ஒரு நாள் விளையாட்டாக, "மேடம், இவங்கள ஆஸ்பத்திரியில சேத்துட்டேன்" என்றேன். அன்றிலிருந்து அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கொப்பியில்கூட மேடம் அப்படித்தான் எழுதினார்.

ஒவ்வொரு காலையும் எட்டு மணி பத்து நிமிடத்துக்கு மேடம் வருவார். பூச்சி அறைக்குள் வர மாட்டார். குண்டு பல்பு எரிகிற சூடான அறை அது, கதவைத் திறந்து வைத்தால் கண்டிக் குளிர் உள்ளே போய்விடும். வாசலில் நின்றபடியே, கொப்பியைக் கையில் விரித்துப் பிடித்து, பேனை மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டுக் கேட்பார்.

"மாணிக்கம், எத்தினை?"

நான் சொல்வேன். அவர் எழுதுவார். தட்டைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பெரிய பெரிய பட்டம் பெற்றவர், நான் பத்தாம் வகுப்பு. நான் சொல்கிற எண்ணை அப்படியே மையில் எழுதுகிறாரே என்று எனக்கு ஆரம்பத்தில் பயமாக இருந்தது. பிறகு அதுதான் என் நாளின் முதல் சாப்பாடு மாதிரி ஆகிவிட்டது. அதைக் கேட்டுவிட்டால் மற்ற எட்டு மணி நேரமும் தானாகப் போய்விடும்.

இடையில் ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். ஒரு வருடம் ஆயுத பூசைக்கு மற்றவர்கள் நுணுக்குக்காட்டிக்குச் சந்தனம் வைத்தார்கள். நான் பக்தி மிகுதியில் பூச்சி அறைக்குள் கற்பூரமும் சாம்பிராணியும் காட்டி, ஒரு கட்டிக் கற்பூரத்தை அலுமாரித் தட்டிலேயே வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அடுத்த நாள் வந்து பார்த்தால் பாதிப் போத்தல்களில் வண்டுகள் மல்லாந்து கிடக்கின்றன. மேடம் எட்டிப் பார்த்து, மூக்கை உறிஞ்சினார்.

"பூசை நல்லாத்தான் வேலை செய்திருக்கு" என்றார். அடுத்த கிழமையே கற்பூரத்தைச் சோதனைப் பட்டியலில் சேர்த்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னால் அவர் ஒரு நாளும் திட்டியதில்லை. இதை இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

என் வேலையின் பத்தொன்பதாவது வருடம், ரிஸ்மியா வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அக்குறணைப் பிள்ளை, மேடத்தின் கீழ் ஆராய்ச்சி மாணவி. என்னை நானா என்று கூப்பிடுவாள். முஸ்லிம்களில் மூத்த சகோதரனை அப்படித்தான் சொல்வார்கள். அவளுடைய செடி நொச்சி. அவள் உம்மா அரிசி டின்னில் நொச்சி இலை போட்டு வைப்பதைப் பார்த்துப் பார்த்து வந்த யோசனை. மூன்று வருடமும் இலை பறித்ததும் அவள்தான், காயவைத்ததும் அவள்தான். நாலு சோதனை சொதப்பிவிட்டது. ஒருமுறை இலை பூஞ்சணம் பிடித்தது, ஒருமுறை மின்சாரம் போய் பல்பு அணைந்தது.

ஒரு நாள் அவள் சலிக்கிற அரிசியைப் பார்த்தபடியே சொன்னாள்: "வாப்பா பெருநாளோட சரின்டு சொல்லிட்டாரு நானா. மாப்பிள வீடு அவசரப்படுறாங்க. கலியாணம் முடிஞ்சு கட்டாருக்குப் போனா, இதெல்லாம் எங்க திரும்பி வந்து செய்யிற? இந்தத் தடவ சரி வரல்லாட்டி, மூணு வருஷமும் சும்மா."

நோன்புப் பெருநாளுக்கு அப்போது ஆறு வாரம் இருந்தது. நோன்பு தொடங்கவில்லை. சோதனைக்கு ஒரு வாரம், எழுதி முடிக்க ஒரு மாதம். சரியாக மட்டுமட்டாக வரும். அந்த வியாழக்கிழமை நானும் அவளும் சேர்ந்து வண்டுகளை விட்டோம். ஆகக் கூடிய அளவு மருந்துக்கு ஐந்து தட்டு, நூறு வண்டு. வெள்ளிக்கிழமை காலை கொன்ட்ரோலை எண்ணினேன், எல்லாம் உயிரோடு. மருந்துத் தட்டுகளை எண்ணினேன். தூரிகையால் மூன்று தரம் தொட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து, மறுபடி தொட்டு. தொண்ணூற்றொன்று கிடந்தது.

"மாணிக்கம், எத்தினை?"

"தொண்ணூத்தியொண்ணு மேடம்."

மேடத்தின் பேனை ஒரு கணம் நின்றது. ரிஸ்மியா முகத்தைத் துப்பட்டியால் மூடிக்கொண்டு அழுதாள். நான் தொண்ணூற்றொரு வண்டையும் ஆஸ்பத்திரித் தட்டில் போட்டு, அடியில் நாளும் நேரமும் எழுதி, அலுமாரியில் வைத்துவிட்டு, சந்தோஷமாகப் பஸ் ஏறினேன். வத்தேகமையில் இறங்கியதும் பாக்கியத்துக்கு அல்வா வாங்கிப் போனேன். அவளிடம் ஏதோ என் தங்கச்சிக்கே நல்லது நடந்த மாதிரிச் சொன்னேன்.

திங்கட்கிழமை ஏழரைக்கே வந்தேன். மூடியைத் திறந்தேன். உள்ளே நடமாட்டம்.

வண்டுகள் அரிசிமேல் ஏறுகின்றன, இறங்குகின்றன, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு போகின்றன. பழக்கதோஷத்தில் எண்ணினேன். ஐம்பத்தேழு. நொச்சி கொல்லவில்லை, தூங்கத்தான் வைத்திருக்கிறது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ரிஸ்மியா துப்பட்டியில் முகத்தை மூடியது மட்டும் கண்ணுக்குள் நின்றது. இந்த ஐம்பத்தேழைப் பற்றி எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். வண்டு வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. மூடியைச் சாத்தி, வளர்ப்பு அரிசியில் வேறு பூச்சி இருந்தால் சாகட்டும் என்று உறைய வைக்கிற குளிர்ப்பெட்டிக்குள் தட்டை அப்படியே தள்ளினேன்.

எட்டு பத்துக்கு மேடம் வாசலில் நின்றார்.

"மாணிக்கம், ஆஸ்பத்திரித் தட்டிலை எழும்பினது எத்தினை?"

"ஒண்ணும் எழும்பல மேடம்."

அவர் உடனே எழுதவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். "சரி" என்றார். கொப்பியை மூடிக்கொண்டு நடைபாதையில் போய்விட்டார். அன்று ரிஸ்மியா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தட்டச்சு செய்வதைக் கேட்டபோது, செய்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை தட்டுகளைக் கழுவினேன். குளிர்ப்பெட்டியிலிருந்து ஆஸ்பத்திரித் தட்டையும் எடுத்து, வண்டுகளைக் கொட்டிவிட்டு, அடியில் இருக்கும் மையை அழிப்பதற்காகக் கவிழ்த்தேன். என் எழுத்துக்குக் கீழே இன்னொரு எழுத்து இருந்தது. சின்னச் சின்னதாக, நேராக, மேடத்தின் எழுத்து.

"ஞாயிறு 4.10. நடப்பவை 43."

குழாயை மூட எனக்குத் தோன்றவில்லை. தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மேடம் குவாட்டர்ஸில் இருந்தவர், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்திருக்கிறார். பார்த்ததை அவர் சட்டப்படி அடியில் எழுதியிருக்கிறார். நான் மூடியை மட்டும் பார்த்தேன். பத்தொன்பது வருடம் அடியில் எழுதி, அடியில் படித்துப் பழகிய நான், அன்றைக்கு ஒரு நாள் தட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. அப்படியென்றால் திங்கட்கிழமை "எத்தினை?" என்று கேட்டபோது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டார்.

தட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். மேசையில் கவிழ்த்து வைத்தேன். மேடம் பார்த்தார்.

"ஓம். ஞாயிற்றுக்கிழமை வந்தனான்."

"அப்பவே ஏன் மேடம் சொல்லல?"

"நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு நினைச்சன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வேலையை விட்டு அனுப்பியிருந்தாலும் தாங்கியிருப்பேன். இந்த ஒரு வாக்கியம் இருபத்து மூன்று வருடமாக எனக்குள்ளே கிடக்கிறது.

"திங்கட்கிழமை பாக்கேக்கை எண்ணினீங்களோ?" என்று கேட்டார்.

"அம்பத்தேழு மேடம்."

"எண்ணிப்போட்டுத்தான் பொய் சொன்னனீங்கள்." கொப்பியை விரித்து என் பக்கம் திருப்பினார். "ஆனால் இப்ப அதை எழுத ஏலாது. தட்டு வெறுமையாய் இருக்கு, வண்டு இல்லை. திருப்பித்தான் செய்ய வேணும். நேற்றைய வரிக்கு ஒரு கோடு போடுங்கோ. கையெழுத்து வையுங்கோ. காரணம் எழுதுங்கோ."

"என்ன காரணம்னு எழுத?"

"நடந்ததை."

'எழும்பியவை இருந்தன. நான் சொல்லவில்லை' என்று எழுதினேன். அந்தக் கொப்பி இன்றைக்கும் அங்கே அலுமாரியில் இருக்கிறது. சந்திமா கண்டிருப்பாள், கேட்டதில்லை.

ரிஸ்மியாவிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் மேடம் எனக்குத் தந்த தண்டனை. சொன்னேன். அவள் தட்டச்சை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்காகவா செஞ்சீங்க?" என்று கடைசியில் கேட்டாள். "எங்கட உம்மா நொச்சிய நம்பித்தான் அரிசி டின்ன மூடுற. நான் எழுதினதப் பாத்து இன்னும் நாலு பேரு நம்பினா, அந்தப் பாவம் யாருக்கு நானா? இரக்கப்படச் சொல்லி நான் உங்கக்கிட்ட கேக்கல்லயே."

போய் அடுத்த சோதனைக்கு அரிசி சலிக்கத் தொடங்கினேன்.

இனிச் சோதனையைத் திரும்பச் செய்தால் பெருநாளுக்குள் முடியாது. அந்தச் சனிக்கிழமை மேடம் அக்குறணைக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. ரிஸ்மியாவின் வாப்பா மரியாதையாக உட்கார வைத்தார். உள்ளேயிருந்து வட்டிலப்பம் வந்தது. மேடம் அவரிடம், எண்ணிக்கையில் ஒரு பிழை வந்துவிட்டது, இன்னும் ஒரு மாதம் வேண்டும் என்றார். யார் பிழை என்று சொல்லவில்லை. நான் வட்டிலப்பத் தட்டைப் பிடித்தபடி இருந்தேன். கரண்டியைத் தொடவில்லை.

அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "பிழையான பொத்தகத்தோட மகள அனுப்புறதவிட ஒரு மாசம் பிந்தி அனுப்பலாம் மிஸ். மாப்பிள வீட்டுக்கு நான் சொல்றேன்" என்றார். மேடம் எழுந்து கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

நோன்பு மாதம் முழுக்க ரிஸ்மியா பட்டினியோடு வந்து எண்ணினாள். ஒவ்வொரு ஆறு மணி நேரத்துக்கும் எத்தனை எழும்புகிறது என்று எண்ணி, கடைசியில் அதையே ஆராய்ச்சியின் நடு அத்தியாயமாக்கினாள். நொச்சி அரிசி வண்டை அந்த அளவில் கொல்வதில்லை, மயக்குகிறது, மூன்றாம் நாள் பாதிக்கு மேல் எழும்பிவிடுகிறது. பட்டம் கிடைத்தது. கலியாணமும் நடந்தது. புறப்படும் முன் எங்களைப் பார்க்க வந்தவள், சூட்கேஸ் வாங்கப் போகிற அவசரத்திலும் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"நானா, இனி யாருக்காவது நல்லது நடக்கோணும்டா துஆ கேளுங்க. வண்டக் கொண்டு குளிர்ப்பெட்டில போடாதீங்க" என்றாள். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று அப்போது தெரிந்தது.

மேடம் மன்னித்தாரா என்று தெரியவில்லை. அவர் எதிலும் குறை வைக்கவில்லை. "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்பார். என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது தன் ஆட்டோக்காரரையே அனுப்பினார். ஆனால் அந்தச் செவ்வாய்க்குப் பிறகு வாசலில் நிற்கவில்லை. எட்டு பத்துக்குக் கதவைத் திறந்து உள்ளே வருவார், பின்னால் கதவைச் சாத்துவார், உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, என் பக்கத்திலேயே கதிரை போட்டு உட்கார்ந்து, தானே எண்ணுவார். தானே எழுதுவார். கொன்ட்ரோலிலிருந்துதான் தொடங்குவார். "நன்றி மாணிக்கம்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஆறு வருடம். ஒவ்வொரு காலையும் நான் அவர் வருவதற்குள் எண்ணி முடித்து, எண்ணை வாய்க்குள் வைத்துக்கொண்டு இருப்பேன். ஒரு நாளாவது கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் ஓய்வுபெற்ற அன்று கேக் வெட்டினார்கள், மாலை போட்டார்கள். நான் பூச்சி அறையில் ஒரு தட்டை எண்ணி வைத்துவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போனேன். "உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அதன் பிறகு எத்தனையோ பேர் வந்தார்கள், நல்லவர்கள்தான். "கவுண்ட் ரெடியா?" என்பார்கள். எனக்கு அது காதில் ஏறவில்லை. சில நாள் அந்தச் சூடான அறையில் பல்பின் கீழே தனியாக உட்கார்ந்து, யாழ்ப்பாண உச்சரிப்பில் நானே மெதுவாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பைத்தியம் என்று நினைப்பீர்கள். அந்தச் சொல்லுக்காக நான் அவ்வளவு ஏங்கினேன்.

கெமராவைக் காட்டிவிட்டுச் சந்திமா இன்னொன்றும் சொன்னாள். பூச்சி அறையை மூடப் போகிறார்களாம். இனி வண்டு வெளியிலிருந்து வயது பிரித்தே வருமாம். அலுமாரியில் எங்கள் பழைய வளர்ப்பு ஒரே ஒரு போத்தல் மிஞ்சியிருந்தது. நான் சேர்ந்த வருடம் வத்தேகமைச் சந்தையிலிருந்து ஒரு படி அரிசியோடு நானே கொண்டுவந்து கொடுத்த வண்டின் வம்சம் அது. மாதாமாதம் அரிசி மாற்றி மாற்றி, அறுந்துபோகாமல் வந்தது.

"கொட்டிடவா அய்யே?" என்றாள் சந்திமா.

நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பாக்கியம் போத்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நாப்பது வருஷமா அங்க வளத்தது போதாதா? இது என் அரிசிப் பானைப் பக்கம் வந்தா, உங்களையும் சேத்து வெளிய வச்சுருவேன்" என்றாள். போத்தலைப் பின்கட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

அடுத்த நாள் காலை மேடத்துக்கு ஃபோன் செய்தேன். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் எடுப்பேன், நலம் விசாரிப்பேன், வைத்துவிடுவேன். எண்பதைத் தாண்டிவிட்டார், கண் சரியாகத் தெரியாது, யாழ்ப்பாணத்தில் தங்கை மகள் வீட்டில் இருக்கிறார். பொங்கல் இல்லாத நாளில் என் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டார்.

"என்ன மாணிக்கம், சுகமாய் இருக்கிறீங்களோ?"

கெமரா வந்ததைச் சொன்னேன். பூச்சி அறையை மூடுவதைச் சொன்னேன். கடைசிப் போத்தலை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன் என்றும், பாக்கியம் என்னை வெளியே வைக்கப் போகிறாள் என்றும் சொன்னேன். மேடம் சிரித்தார்.

"மாணிக்கம்," என்றார். "எத்தினை?"

ஒரு நூற்றைம்பது இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். ஏறத்தாழச் சரியாகத்தான் இருந்திருக்கும்.

"எண்ணிட்டு எடுக்கிறேன் மேடம்" என்றேன்.

பாக்கியத்தின் வெள்ளைத் தாம்பாளத்தைக் கேட்காமலே எடுத்தேன். போத்தலைக் கொட்டினேன். கொட்டியதும் எல்லாம் காலை மடக்கிச் செத்ததுபோல உருண்டு கிடந்தன. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து ஐந்து நிமிடம் பொறுத்தேன். ஒவ்வொன்றாக எழும்பி நடந்தன. எழும்பாதவற்றைத் தனியே எடுத்து, தொட்டு, மறுபடி பொறுத்து, மறுபடி தொட்டேன். பாக்கியம் வாசலில் வந்து நின்று என்னவோ சொல்ல வாயெடுத்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

திரும்ப எடுத்தேன். முதல் மணியிலேயே மேடம் எடுத்தார்.

"நூத்தி முப்பத்தாறு மேடம். உயிரோட."

"கொஞ்சம் பொறுங்கோ" என்றார். இழுப்பறையை இழுக்கிற சத்தம், தாள் புரள்கிற சத்தம். பிறகு, பல்லால் பேனை மூடியைக் கழற்றுகிற அந்தச் சின்னச் சத்தம்.

"எழுதியிட்டன்" என்றார்.